எங்கே இருக்கிறாய், தோழி?



போன இதழில் வற்றல், வடகம் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை டப்பாவில் போட்டு மூடி வைக்க முடியாத ஒரு சமாசாரம். திறந்து திறந்து பார்த்தால்தான் கெடாமல் இருக்கும். சிநேகிதத்தைத்தான் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் புளியோதரை தின்ற நாலு பேரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள்? எத்தனை குழந்தைகள்? உடம்பு சௌக்கியமா? நாலு பேரில் இரண்டு பேருக்காவது பதில் தெரிந்தால் நீங்கள் பாக்கியசாலி.

ஆண்பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் அவ்வளவு இல்லை. பிறந்த ஊரிலேயே வீடு, அப்பா பெயரின் முதல் எழுத்தே கடைசி வரை. டீக்கடையில் விசாரித்தாலே போதும், ஆள் அகப்பட்டுவிடுவார். நமக்கு அப்படியா? கழுத்தில் தாலி ஏறியதும் ஊர் மாறுகிறது, வீடு மாறுகிறது. நம்மில் பல பேருக்கு இனிஷியலும் மாறுகிறது. 'எஸ்' போட்டவள் 'ஆர்' ஆகிவிடுகிறாள். அவர் உத்தியோகத்தில் மாற்றல் வந்தால் திரும்பவும் மூட்டை கட்ட வேண்டும். பிறந்த வீட்டில் அம்மாவும் காலமாகிவிட்டால், "அவ இப்ப எங்க இருக்கா?" என்று கேட்கக்கூட ஒரு வாசல் இல்லாமல் போய்விடுகிறது.

இந்த யோசனை எனக்கு வந்ததற்குக் காரணம் என் நாத்தனார். மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தாள். அங்கே பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மா, தனியாக இருக்கிறாராம். தபாலில் அவருக்கு ஒரு பத்திரிகை வருமாம். வந்ததும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பாராம். அங்கேதான் யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பேரன் பிறந்தான், யார் காலமானார் என்ற விவரமெல்லாம் இருக்குமாம். "அண்ணி, அறுபது வருஷத்துக்கு முன்னாடி காலேஜில கூட இருந்தவங்களாம். இன்னும் ஒருத்தரை ஒருத்தர் 'சிஸ்டர்'னுதான் சொல்லிக்கறாங்க" என்று ஆச்சரியப்பட்டாள்.

அது என்ன ஏற்பாடு என்று நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நம் சகோதரிகளுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃபிரட்டர்னிட்டி' என்று மாணவர் சங்கங்கள் உண்டு. சகோதரக் கூட்டம் என்று அர்த்தம். பெரும்பாலும் கிரேக்க எழுத்துகள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பெயர் வைத்துக்கொள்வார்கள். வர்ஜீனியாவில் உள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் 1776-ல் ஆரம்பித்த 'ஃபை பீட்டா கப்பா'தான் அப்படிப் பெயர் வைத்த முதல் சங்கம். அது இப்போது நன்றாகப் படிப்பவர்களுக்கான கௌரவச் சங்கமாகிவிட்டது. மாணவர்கள் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து சாப்பிட்டு, அண்ணன் தம்பி போலப் பழகும் சங்கங்கள் 1820-களில் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியிலிருந்து பரவின.

இதெல்லாம் ஆண்களுக்கு. பெண்களைக் கல்லூரியில் சேர்ப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. 1867-ல் இல்லினாய் மாநிலத்தில் மன்மத் என்ற சின்ன ஊர்க் கல்லூரியில் படித்த பன்னிரண்டு பெண்கள், "நமக்கும் ஒன்று இருந்தால் என்ன?" என்று துணிந்தார்கள். ஒரு வீட்டில் அவர்களில் இரண்டு பேர் வாடகைக்கு இருந்த அறையில் கூடி, ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடையாளத்துக்குத் தங்கத்தில் சின்ன அம்பு மாதிரி ஓர் ஊசிப் பதக்கம். அந்தச் சங்கம்தான் பிற்பாடு 'பை பீட்டா ஃபை' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1870-ல் 'கப்பா ஆல்ஃபா தீட்டா', 'கப்பா கப்பா காமா' என்று இன்னும் இரண்டு வந்தன. 'சொராரிட்டி', அதாவது சகோதரிகள் கூட்டம் என்ற சொல்லே 1882-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தியே பிறந்த சங்கங்கள் சில தங்களை இன்றும் 'பெண்கள் ஃபிரட்டர்னிட்டி' என்றே சொல்லிக்கொள்கின்றன.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய விஷயம். கல்லூரியில் இருப்பது நாலு வருஷம். அப்புறம் ஆளுக்கு ஒரு திசை. டெலிபோன் பரவாத காலம், ரயிலில் போனால் நாள் கணக்காகும். கூட்டத்தை எப்படிக் கட்டிக் காப்பது? கடிதம்தான் வழி. ஒவ்வொரு கிளையிலும் கடிதம் எழுதுவதற்கென்றே ஒரு பெண்ணைச் செயலாளராக வைத்தார்கள். அவள் தன் கிளையின் சேதிகளைத் திரட்டி மற்றக் கிளைகளுக்கு எழுத வேண்டும். பிறகு பத்திரிகை வந்தது. கப்பா கப்பா காமா 1882-ல் 'தங்கச் சாவி' என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கியது. பை பீட்டா ஃபை 1885-ல் 'அம்பு' என்ற பத்திரிகையைத் தொடங்கியது. முன்பக்கத்தில் கட்டுரைகள் இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கல்யாணம், பிறப்பு, இறப்பு, வீடு மாறியவர்களின் புது விலாசம்.

பெயர் போடும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கல்யாணமான பெண்ணின் புதுக் குடும்பப் பெயரை மட்டும் போட்டால் பழைய சிநேகிதிக்கு அடையாளம் தெரியாது. அதனால் கன்னிப் பருவத்துப் பெயரையும் சேர்த்துப் போட்டு, கூடவே எந்தக் கிளை, எந்த வருஷத்து ஆள் என்றும் குறிப்பார்கள். பெயர் மாறுகிற கஷ்டம் அங்கேயும் உண்டு, பார்த்தீர்களா! அதற்கு அவர்கள் கண்ட கைவைத்தியம் இது.

இந்தச் சங்கங்களில் எல்லாமே சொக்கத் தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாகச் சேருகிறவர்களைப் படுத்துகிற ராகிங் கொடுமை அங்கே, முக்கியமாக ஆண்கள் சங்கங்களில், பல உயிர்களையே வாங்கியிருக்கிறது. நம் தமிழ்நாட்டில் 1997-லேயே ராகிங்குக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. அங்கே இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அதோடு, நிறம் பார்த்துத்தான் சேர்ப்பது என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். கறுப்பினப் பெண்களுக்குக் கதவு மூடியே இருந்தது. அவர்கள் மூடிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. 1908-ல் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' என்று தங்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள்.

"சரி, சேதி அனுப்பிச் சேதி படித்து என்ன லாபம்? வெறும் ஊர் வம்புதானே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். மூன்று காரியங்களைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலாவது, ஒரு பள்ளிக்கூடம். படித்து முடித்து வீட்டோடு இருந்த பழைய மாணவிகளும் புது மாணவிகளும் சேர்ந்து, பை பீட்டா ஃபை சங்கத்தின் 1910-ஆம் வருஷ மாநாட்டில் ஒரு தீர்மானம் போட்டார்கள். சங்கத்தை ஆரம்பித்தவர்களின் நினைவாக, பள்ளியே சரியாக இல்லாத ஒரு மலைப் பிரதேசத்தில் பள்ளி நடத்துவது என்று. 1912-ல் டென்னஸி மாநிலத்து கேட்லின்பர்க் என்ற மலை ஊரில், பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு அது தொடங்கியது. பின்னால் மருத்துவ வசதியும் சேர்ந்தது. மலைப் பெண்களின் கைத்தறி, கூடை வேலைகளை வெளியூரில் விற்றுக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் யார் என்கிறீர்கள்? நாடு முழுக்க இருந்த இந்தச் சகோதரிகள்தான். பிள்ளைகளின் படிப்பைப் பிற்பாடு அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. அந்த இடம் இன்று பெயர் பெற்ற கைவினைப் பள்ளியாக நடக்கிறது.

இரண்டாவது, ஒரு நோயாளிப் பெண். கனடாவில் டொரண்டோவில் படித்த ரோஸ் மெக்கில் என்பவளுக்குக் காசநோய் கண்டது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம் அது. அவளுடைய கப்பா கப்பா காமா சகோதரிகள் கைகொடுத்தார்கள். 1922-ல் அந்தச் சங்கம், கஷ்டத்தில் இருக்கும் உறுப்பினர்களுக்கென்று தொடங்கிய உதவி நிதிக்குப் பிறகு அவள் பெயரையே வைத்தார்கள். இன்றும் அந்த நிதி இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவளுக்கு உடம்பு சரியில்லை என்ற சேதி நாலு பேர் காதுக்கு எட்டியதால்தான் உதவியும் அவளைப் போய் எட்டியது.

மூன்றாவது, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள் செய்தது. 1935-லிருந்து 1942 வரை கோடைகாலத்தில், டாக்டர் டாரதி ஃபெரபீ என்ற பெண் மருத்துவரின் தலைமையில், மிசிசிப்பி மாநிலத்துக்குப் போனார்கள். பருத்தித் தோட்டங்களில் வேலை செய்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்க்கத்தான். வேலையை விட்டு மருத்துவ முகாமுக்கு வரத் தோட்ட முதலாளிகள் விடவில்லை. "அவர்கள் வராவிட்டால் என்ன, நாம் போவோம்" என்று தங்கள் கார்களிலேயே மருந்தையும் ஊசியையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே போய்விட்டார்கள். குழந்தைகளுக்கு அம்மைத் தடுப்பு, தொண்டை அடைப்பான் தடுப்பு, பல் வைத்தியம், கூடவே தாய்மார்களுக்கு ஆகாரத்தைப் பற்றிப் பாடம். டாக்டரும் நர்ஸும் டீச்சருமாகப் பல ஊர்களில் சிதறிக் கிடந்த பெண்களை ஒரு குரலில் கூட்ட முடிந்தது என்றால், யார் எங்கே இருக்கிறாள், என்ன வேலை தெரியும் என்ற கணக்கு கைவசம் இருந்ததால்தானே?

"யாருக்குப் பிள்ளை பிறந்தது" என்ற சின்னச் சேதியை வருஷக் கணக்கில் விடாமல் எழுதி வைத்தவர்களால்தான் இந்தப் பெரிய காரியங்களைச் செய்ய முடிந்தது. இதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம்மிடம் கைபேசி இருக்கிறது. 'பத்தாம் வகுப்புத் தோழிகள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் இருக்கும். காலையில் பூப்படம் போட்டு வணக்கம், மாலையில் ஒரு சிரிப்பு, பண்டிகைக்குப் பட்டுப்புடவைப் படம். தொடர்புதான் இருக்கிறதே என்று நினைக்கிறோம்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா சொன்னதைக் கேளுங்கள். அவர் இருந்த குழுவில் ஒரு தோழியின் பிறந்த நாள் வந்தது. முப்பது பேர் கேக் படமும் ரோஜாப் படமும் அனுப்பினார்கள். சாயங்காலம் அதே நம்பரிலிருந்து பதில் வந்தது: "ஆன்ட்டி, அம்மா இறந்து எட்டு மாசம் ஆச்சு. மார்பில் கட்டி. யாருக்கும் சொல்ல வேண்டாம்னு அம்மாதான் சொன்னாங்க." அவர் இதைச் சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது. இரண்டு வருஷம் வைத்தியம் நடந்திருக்கிறது. குழுவில் இருந்த ஒரு தோழி வேலை பார்த்ததே புற்றுநோய் ஆஸ்பத்திரியில்தானாம்!

ஏன் அவள் வாய் திறக்கவில்லை? யோசித்துப் பார்த்தால் நமக்கே தெரியும். எல்லாரும் பையனுக்கு இன்ஜினீயரிங் சீட், புது வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று போடுகிற இடத்தில் கட்டி என்றும், கடன் என்றும், மகள் வாழாவெட்டியாக வந்துவிட்டாள் என்றும் எப்படி எழுதுவது? நல்ல சேதிக்கு மட்டும் பந்தி விரித்தால், கஷ்டத்தில் இருப்பவள் வாசலோடு திரும்பிப் போய்விடுவாள். இன்னும் சில பேர், "எனக்கு என்னடி சேதி இருக்கு? சமைக்கிறேன், துவைக்கிறேன், தூங்குறேன்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மாமியாருக்குப் பத்து வருஷம் படுக்கையில் பணிவிடை செய்தவளுக்குச் சேதி இல்லையா? அதை யார் கேட்டார்கள்?

இது மனசு சம்பந்தப்பட்டது மட்டுமில்லை, உடம்பு சம்பந்தப்பட்டதும்தான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் 268 மாணவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 456 பையன்களும் அதில் பிறகு இணைக்கப்பட்டார்கள். அவர்கள் கிழவர்களாகும் வரை விடாமல் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். ஐம்பது வயதில் மனுஷ உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள்தான் எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று தெரிந்தது. கொலஸ்ட்ரால் அளவைவிட இதுதான் நல்ல அடையாளமாக இருந்ததாம். 2023-ல் அந்த நாட்டு அரசின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி, தனிமை என்பது இருதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் வழிவிடும் என்று நாட்டுக்கே எச்சரிக்கை விடுத்தார். நடைப்பயிற்சி போகிறோம், உப்பைக் குறைக்கிறோம். பழைய தோழிக்கு ஒரு வார்த்தை பேசுவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமே!

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றிய சில வழிகள்:

1. ஒருத்தி பொறுப்பேற்க வேண்டும். எல்லாருக்கும் பொது என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். அமெரிக்கப் பெண்கள் செயலாளர் வைத்த மாதிரி, வருஷத்துக்கு ஒருத்தி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

2. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஆளுக்கு ஒரு பக்கம். பள்ளிக்கூடத்துப் பெயர் இனிஷியலோடு, இப்போதைய பெயர், விலாசம், போன் நம்பர். கூடவே வீட்டில் இன்னொருவர் நம்பரும் வேண்டும், கணவரோ மகளோ. கைபேசி தொலைந்தாலும் நம்பர் மாறினாலும் நோட்டு காப்பாற்றும்.

3. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருத்திக்கும் போன் செய்து பேசுங்கள். "என்ன விசேஷம்?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லை" என்றுதான் பதில் வரும். "முட்டுவலி எப்படி இருக்கு? ராத்திரி தூக்கம் வருதா? மாமனார் எழுந்து நடக்கிறாரா?" என்று கேளுங்கள். தானாகப் பேச்சு வரும்.

4. கேட்ட சேதிகளைத் தொகுத்து ஒரு பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். ஆளுக்கு இரண்டு வரி. டாக்டருக்குப் படித்த பிள்ளைக்கும் இரண்டு வரி, மாடித் தோட்டத்தில் காய்த்த புடலங்காய்க்கும் இரண்டு வரி. யார் சேதியும் உசத்தி இல்லை, யார் சேதியும் மட்டம் இல்லை.

5. உடம்பு, பணம், குடும்பத் தகராறு பற்றிய சேதியை அவளைக் கேட்காமல் போடவே கூடாது. "எல்லாருக்கும் சொல்லட்டுமா, இல்லை ரெண்டு பேருக்கு மட்டும் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். சில சமயம் உதவி செய்யக்கூடிய ஒரே ஒரு தோழிக்குத் தெரிந்தால் போதும். இந்த நம்பிக்கை ஒரு தடவை உடைந்தால் அப்புறம் நோட்டை மூடி வைத்துவிடலாம்.

6. வகுப்பில் இருந்து விலாசம் தெரியாமல் போனவர்களுக்கென்று கடைசிப் பக்கத்தை ஒதுக்குங்கள். அமெரிக்கக் கல்லூரிக்காரர்கள் இவர்களைத் 'தொலைந்துபோனவர்கள்' என்று தனிப் பட்டியலே வைத்துத் தேடுகிறார்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும், கோயில் திருவிழாவிலும் ஒரு பெயரையாவது விசாரியுங்கள். பழைய டீச்சர், ஊர்த் தபால்காரர், அவள் தம்பி என்று யாரிடமாவது நூல் கிடைக்கும்.

7. ஒருத்தி காலமாகிவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். தேதியைக் குறித்து, அவளைப் பற்றி நினைவிருப்பதை நாலு வரி எழுதி, அவள் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். "எங்கம்மா பள்ளிக்கூடத்துல கோகோ ஆடுவாங்களா?" என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்பாள். தாயின் சின்ன வயசு நம்மைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கைக்குழந்தையோடு ராத்திரியெல்லாம் விழித்திருக்கும்போது, "இப்ப எதுக்குத் தோழியும் கீழியும், நேரமே இல்லையே" என்றுதான் தோன்றும். அறுந்து போவது இந்த வருஷங்களில்தான். நீளமாகப் பேச வேண்டாம். "குழந்தைக்குப் பல் முளைச்சாச்சு, எனக்குத் தூக்கம் இல்லை, நீ எப்படி இருக்கே?" என்று ஒரு வரி போதும். இழை அறுபடாமல் இருந்தால், கை ஓய்ந்த பிறகு மறுபடி நெய்துகொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் இப்போது வம்பு என்று சொல்வதில்லை. "உன் நோட்டுல என் கிளாஸ் பசங்களுக்கும் ரெண்டு பக்கம் விடேன்" என்கிறார். நாற்பது பக்கமும் எங்களுக்கே போதவில்லை, வேறு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில், ரொம்ப நாளாகப் பேச்சே இல்லாமல் இருக்கிற தோழியின் பெயரை எழுதுங்கள். இன்று மத்தியானம் சமையல் வேலை முடிந்ததும் அவளுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். என்ன பேசினாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.